ரேஸ் டு தி டாப்: போட்டி வெச்சு ஸ்கூல் சீர்திருத்தத்தை வாங்கின கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அரசு ஸ்கூல்கள பத்தி பேச்சு எடுத்தாலே ரேஸ் டு தி டாப் பேரு எங்கயாவது வந்துடும், ஒருத்தர் சூப்பர் ஐடியாம்பார், இன்னொருத்தர் நாசமா போச்சும்பார். ரெண்டு பக்கமும் பாதி விவரம்தான் சொல்றாங்க. திரும்ப திரும்ப வர்ற கேள்விகளுக்கு தெரிஞ்ச பதில கீழ எழுதியிருக்கேன்.

ரேஸ் டு தி டாப்னா என்ன?

2009 பிப்ரவரில, பொருளாதாரம் படுத்து கிடந்த நேரத்துல, ஒபாமா ஒரு பெரிய ஸ்டிமுலஸ் சட்டத்துல கையெழுத்து போட்டார். அதுல கல்விக்குன்னு இருந்த பணத்துல 435 கோடி டாலரை தனியா எடுத்து வெச்சுட்டு, இத யாருக்கும் சும்மா தர மாட்டோம், ஸ்டேட் எல்லாம் அப்ளிகேஷன் போடுங்க, யாரோட சீர்திருத்த திட்டம் நல்லா இருக்கோ அவங்களுக்குதான்னு கல்வி செயலாளர் ஆர்னி டங்கன் போட்டி வெச்சார். ஜூலைல அறிவிப்பு வந்துச்சு. 400 கோடி ஸ்டேட்களுக்கு, மிச்சம் 35 கோடி புது பரீட்சை தயார் பண்ற கூட்டமைப்புகளுக்கு. செயலாளர்னா ஐஏஎஸ் ஆபீசர்னு நெனச்சுடாதீங்க, மத்திய மந்திரி மாதிரி. அதே மாதிரி அங்க கவர்னர்னா ஓட்டு வாங்கி ஜெயிச்சு வந்தவர், நம்மூர் முதலமைச்சர் இடத்துல வெச்சு படிங்க, இல்லன்னா கீழ வர்ற பாதி விஷயம் குழம்பும்.

435 கோடி டாலர்னா பெரிய பணம்தானே?

கேக்க பெருசா இருக்கும். ஆனா அமெரிக்கா முழுக்க அரசு ஸ்கூல்களுக்கு வருஷத்துக்கு ஆகற செலவு சுமாரா 60,000 கோடி டாலர். அதுல வாஷிங்டன், அதாவது மத்திய அரசு, போடற பங்கு பத்துல ஒண்ணு கூட சாதாரணமா தேறாது, மிச்சமெல்லாம் ஸ்டேட் வரி, ஊர் சொத்து வரி. அப்ப இந்த போட்டிப் பணம் மொத்தமும் ஒரு வருஷ செலவுல நூத்துல ஒரு பங்குக்கும் கம்மி, அதுவும் நாலு வருஷத்துக்கு இழுத்து செலவு பண்ண வேண்டியது.

அப்புறம் ஏன் கிட்டத்தட்ட எல்லா ஸ்டேட்டும் விழுந்தடிச்சு ஓடிச்சுன்னா, நேரம் அப்படி. 2009ல ஸ்டேட் கஜானா காலி, டீச்சர்களுக்கு லேஆஃப் நோட்டீஸ் போயிட்டிருக்கு. ஹவாயில காசில்லாம 2009-10 கல்வியாண்டுல 17 நாள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகள்ல, ஸ்கூலையே பூட்டி வெச்சாங்க. அந்த நிலைமைல யாரு 7 கோடி டாலர நீட்டினாலும் எந்த கவர்னர் முகத்த திருப்பிப்பார்?

எல்லாருக்கும் சமமா பிரிச்சு கொடுத்திருக்கலாமே, எதுக்கு போட்டி?

பிரிச்சும் கொடுத்தாங்க, அத யாரும் ஞாபகம் வெச்சுக்கறதில்ல. அதே ஸ்டிமுலஸ் சட்டத்துல ஸ்டேட்களுக்கு கணக்கு போட்டு பிரிச்சு கொடுத்த பணம் 4,860 கோடி டாலர், அதாவது போட்டிப் பணத்த விட பத்து மடங்குக்கும் மேல. அதுல டீச்சர் வேலை தப்பிச்சுது, அவ்ளோதான், ஸ்கூல் நடக்கற விதம் ஒண்ணும் மாறல. ஏழை பசங்க எண்ணிக்கைய வெச்சு டைட்டில் ஒன் பணம் 1965ல இருந்தே இப்படித்தான் போயிட்டிருக்கு. டங்கன் டீமோட வாதம் என்னன்னா, எப்படியும் வந்து சேரும்னு தெரிஞ்ச பணத்துக்காக யாரும் சட்டத்த மாத்த மாட்டாங்க, கிடைக்குமா கிடைக்காதான்னு இருந்தாதான் மாத்துவாங்க.

எதிர்ப்பும் அப்பவே கிளம்பிச்சு. 2010 ஜூலைல என்ஏஏசிபி, நேஷனல் அர்பன் லீக் உள்பட ஏழு சிவில் உரிமை அமைப்புங்க சேர்ந்து அறிக்கை விட்டாங்க: அப்ளிகேஷன் எழுதத் தெரியாத ஸ்டேட்ல பொறந்த ஏழைப் புள்ளைக்கு ஏன் பணம் இல்லங்கறதுதான் அவங்க கேட்டதோட சாரம். அதே மாசக் கடைசில ஒபாமாவே அர்பன் லீக் கூட்டத்துக்கு போய் திட்டத்துக்கு வக்காலத்து வாங்க வேண்டியதாச்சு. அந்தக் கேள்விக்கு நேரான பதில் அன்னிக்கும் வரல, அப்புறமும் வரல.

மார்க் எப்படி போட்டாங்க?

மொத்தம் 500 மார்க். அதிகபட்சம் 138 டீச்சர், ஹெட்மாஸ்டர் சம்பந்தப்பட்டதுக்கு, அதுக்குள்ளயே பெரிய துண்டு பசங்க மார்க்க வெச்சு டீச்சர மதிப்பிடறதுக்கு. அடுத்து 125, ஸ்டேட்டுக்கு இத நிறைவேத்தற வலு இருக்கா, ஊர் ஊரா இருக்கற ஸ்கூல் மாவட்டங்க (அந்தந்த ஊர் ஸ்கூல்கள நடத்தற நிர்வாகம்) கையெழுத்து போட்டிருக்காங்களாங்கறதுக்கு. பொதுவான பாடத் தரம், பரீட்சைக்கு 70. கடைசில கிடக்கற மோசமான ஸ்கூல்கள தூக்கி நிறுத்த 50. மாணவர் டேட்டா சிஸ்டத்துக்கு 47. இதர விஷயங்களுக்கு 55, அதுல 40 சார்ட்டர் ஸ்கூலுக்கு தோதா சட்டம் இருக்காங்கறதுக்கு. சார்ட்டர்னா அரசு பணத்துல தனி நிர்வாகம் நடத்தற ஸ்கூல், ஃபீஸ் கிடையாது. அறிவியல், கணக்குக்கு முக்கியத்துவம் கொடுத்தா 15, அதுவும் ஒண்ணு முழுசா இல்லன்னா சைபர்.

இந்த லிஸ்ட நல்லா பாத்தா ஒண்ணு புரியும். திட்டம் நல்லா இருக்கறவங்களுக்கு பணம்னு பேரு, ஆனா எது நல்ல திட்டம்னு வாஷிங்டன் முன்னாடியே முடிவு பண்ணி வெச்சாச்சு. கென்டக்கில அப்ப சார்ட்டர் ஸ்கூல் சட்டமே கிடையாது, பொதுப் பாடத் தரத்த நாட்டுலயே முதல்ல ஏத்துக்கிட்ட ஸ்டேட் அதுதான், இருந்தும் முதல் ரெண்டு ரவுண்டுலயும் வெளிய போச்சு. மாணவர் மார்க்கையும் டீச்சரையும் இணைக்கக் கூடாதுன்னு ஸ்டேட்ல சட்டம் இருந்தா அப்ளிகேஷன் போடவே தகுதி இல்ல. கலிஃபோர்னியா, விஸ்கான்சின் ரெண்டும் அந்த மாதிரி தடைய அவசர அவசரமா எடுத்தது இதுக்காகத்தான்.

திருத்தினது யாரு? அரசியல் உள்ள புகுந்துச்சா?

வெளில இருந்து கூட்டிட்டு வந்த ஆளுங்க, ஒரு அப்ளிகேஷனுக்கு அஞ்சு பேர். மார்க், கமென்ட் எல்லாத்தையும் அப்படியே வெப்சைட்ல போட்டாங்க, இது நெஜமாவே பாராட்ட வேண்டியது. கட்சிக்காரங்களுக்கு தூக்கிக் கொடுத்தாங்கங்கற குற்றச்சாட்டுக்கு பெருசா ஆதாரம் இல்ல. ஆனா அஞ்சு பேருக்குள்ளயே மார்க் எக்கச்சக்கமா வித்தியாசப்பட்டுச்சு, ஒரே ஒரு கறாரான ஆள் மாட்டினா ஸ்டேட் காலி. கொலராடோவுக்கு அப்படித்தான் ஆச்சுன்னு அங்க இருக்கறவங்க புலம்பினாங்க.

அப்ளிகேஷன் எழுத கன்சல்டன்ட் வெச்சுக்க கேட்ஸ் ஃபவுண்டேஷன் ஆரம்பத்துல 15 ஸ்டேட்டுக்கு ஆளுக்கு 2.5 லட்சம் டாலர் வரைக்கும் கொடுத்துச்சு. ஏன் அந்த 15 மட்டும்னு மத்தவங்க கத்தின பிறகு கதவ கொஞ்சம் அகலமா தொறந்தாங்க.

யாரு ஜெயிச்சாங்க?

முதல் ரவுண்டுல 40 ஸ்டேட்டும் தலைநகர் வாஷிங்டன் டிசியும் போட்டி போட்டு, 2010 மார்ச் 29ல ரெண்டே ரெண்டு பேருக்கு அடிச்சுது: டெலவேருக்கு சுமார் 10 கோடி டாலர், டென்னசிக்கு 50 கோடி. ரெண்டாவது ரவுண்டு ரிசல்ட் ஆகஸ்ட் 24: டிசி, ஃப்ளோரிடா, ஜார்ஜியா, ஹவாய், மேரிலாண்ட், மாசசூசெட்ஸ், நியூயார்க், நார்த் கரோலினா, ஒஹையோ, ரோட் ஐலண்ட். ஃப்ளோரிடாவுக்கும் நியூயார்க்குக்கும் 70 கோடி வரைக்கும். மேப்ல வெச்சு பாருங்க, ஹவாய விட்டா ரெண்டு ரவுண்டு ஜெயிச்சவங்களும் மிசிசிப்பி ஆத்துக்கு கிழக்கதான், மேற்குல ஒருத்தர் இல்ல. 50 மைலுக்கு ஒரு ஸ்கூல் இருக்கற ஊர்ல போய் ஹெட்மாஸ்டர மாத்து, பாதி டீச்சர மாத்துன்னா எங்க இருந்து ஆள் வரும்? அந்த சிக்கல மார்க் ஷீட் கண்டுக்கவே இல்ல.

2011 டிசம்பர்ல மூணாவதா 20 கோடிய ஏழு ஸ்டேட்டுக்கு பிரிச்சு கொடுத்தாங்க, தோத்து நொந்து போனவங்களுக்கு ஆறுதல் பரிசு மாதிரி. டெக்சாஸ் கவர்னர் ரிக் பெர்ரி 2010 ஜனவரிலயே போட்டியே வேணாம்னு ஒதுங்கிட்டார்.

நியூ ஜெர்சி ஒரு க்ளர்க் தப்புல 40 கோடி டாலர விட்டுச்சுன்னு சொல்றாங்களே, நெஜமா?

நெஜம்தான், ஆனா கதை அத விட நீளம். நியூ ஜெர்சி ரெண்டாவது ரவுண்டுல 437.8 மார்க். கடைசியா உள்ள நுழைஞ்ச ஒஹையோ 440.8. மூணு மார்க்ல போச்சு. ஒரு கேள்வில 2008, 2009 ரெண்டு வருஷ கல்வி பட்ஜெட்ட ஒப்பிட்டு காட்டச் சொல்லியிருந்தாங்க, இவங்க 2010ஐயும் 2011ஐயும் போட்டு கொடுத்துட்டாங்க. அதுக்கு மட்டும் 4.8 மார்க் போச்சு. ஆயிரம் பக்க அப்ளிகேஷன்ல ஒரு பக்கம்!

அந்தப் பக்கம் எப்படி தப்பாச்சுங்கறதுதான் விஷயம். கல்வி கமிஷனர் பிரெட் ஷண்ட்லர் டீச்சர் யூனியனோட உக்காந்து பேசி ஒரு சமரசம் பண்ணி வெச்சிருந்தார். கவர்னர் கிறிஸ் கிறிஸ்டிக்கு அது பிடிக்கல, யூனியனுக்கு விட்டுக் கொடுத்தா மாதிரி ஆயிடும்னு தூக்கி எறிஞ்சுட்டு, கெடுவுக்கு சில நாள் இருக்கறப்ப லீவு நாள்ல உக்காந்து திருத்தி எழுத வெச்சார். அந்த அவசரத்துல நுழைஞ்ச தப்பு இது. தோத்ததும் கிறிஸ்டி வாஷிங்டன் மேல பாய்ஞ்சார், நேர்ல பேசினப்ப எங்க ஆளுங்க சரியான நம்பர சொன்னாங்களே, ஒரு ஃபோன் போட்டு கேட்டிருக்கக் கூடாதான்னு. அடுத்து கல்வித்துறை அந்த இன்டர்வியூ வீடியோவயே வெளிய விட்டுச்சு, அதுல அப்படி யாரும் சொல்லவே இல்ல. ஷண்ட்லருக்கு வேலை போச்சு. மூணாவது ரவுண்டுல நியூ ஜெர்சிக்கு வந்தது 3.8 கோடி, கேட்டதுல பத்துல ஒண்ணு கூட இல்ல.

ஜெயிச்சவங்கள விடுங்க, தோத்தவங்க சட்டத்த மாத்தினது என்னாச்சு?

என்னைக் கேட்டா இந்த திட்டத்தோட சூட்சுமமே இங்கதான் இருக்கு. போட்டில நிக்கறதுக்கு முன்னாடியே சட்டத்த மாத்தினாதான் மார்க். ஜெயிச்சப்புறம் மாத்தறேங்கற வாக்குறுதிக்கு மார்க் கம்மி. அப்ப சட்டசபைய கூட்டி, யூனியனோட சண்டை போட்டு, ராத்திரியெல்லாம் விவாதம் பண்ணி மாத்தணும், அப்புறம் தோத்தா? சட்டம் சட்டம்தான், புத்தகத்துல ஏறினது ஏறினதுதான்.

கொலராடோ 2010 மே மாசம் ஒரு சட்டம் போட்டுச்சு: டீச்சர் மதிப்பீட்டுல பாதி பசங்க முன்னேற்றத்த வெச்சு, தொடர்ந்து ரெண்டு வருஷம் மோசமா வந்தா பணிப் பாதுகாப்பு போயிடும். அங்க ஆண்ட ஜனநாயகக் கட்சிக்குள்ளயே பெரிய அடிதடி. சட்டம் பாஸ் ஆச்சு, போட்டில தோத்தாங்க, மூணாவது ரவுண்டுல சுமார் 1.8 கோடி டாலர் கிடைச்சுது. நியூயார்க் சார்ட்டர் ஸ்கூல் உச்சவரம்ப 200ல இருந்து 460ஆ ஏத்துச்சு, அவங்களாவது ஜெயிச்சாங்க.

சிகாகோ பல்கலைக்கழகத்துல வில்லியம் ஹொவெல்னு ஒரு அரசியல் பேராசிரியர் இத உக்காந்து எண்ணிப் பாத்திருக்கார். இந்த மாதிரி சீர்திருத்த கொள்கைகள்ல 2001ல இருந்து 2008 வரைக்கும் ஸ்டேட்கள் சராசரியா நூத்துக்கு பத்துதான் நிறைவேத்தினாங்க, 2009ல இருந்து 2014க்குள்ள 68. ஜெயிச்சவங்க 88, தோத்தவங்க 68, அப்ளிகேஷனே போடாதவங்க கூட 56. எல்லாத்துக்கும் இந்தப் போட்டி மட்டும் காரணம்னு சொல்ல முடியாது, ஆனா பணம் வாங்கினது மூணு ரவுண்டும் சேத்து 18 ஸ்டேட்டும் டிசியும்தான், சட்டம் மாறினது நாடு பூரா. வாஷிங்டனுக்கு இத விட சல்லிசான பேரம் கிடைச்சிருக்காது. தோத்த ஸ்டேட் பக்கம் நின்னு பாத்தா அவ்ளோ சந்தோஷமா இருக்காது, புது சட்டப்படி ஒவ்வொரு டீச்சரையும் மதிப்பிடணும், அதுக்கு ட்ரெய்னிங், சாஃப்ட்வேர், ஆள் எல்லாம் சொந்தக் காசுல.

டீச்சர் யூனியன் எல்லாம் எதிர்த்தாங்களா?

எல்லாரும் இல்ல. முதல் ரவுண்டுல டெலவேர் ஜெயிச்சதே அங்க எல்லா மாவட்டமும் யூனியனும் சேர்ந்து கையெழுத்து போட்டதால. டென்னசில ஊர் யூனியன்கள்ல 93 சதவீதம். ஃப்ளோரிடாவுல முதல் தடவ யூனியன் ஆதரவு ரொம்ப சொற்பம், தோத்தாங்க. அப்புறம் உக்காந்து பேசினாங்க, அடுத்த ரவுண்டு ஜெயிச்சாங்க. வேலை போயிடுமோங்கற பயம் இருந்த நேரம், ஒரேயடியா முறுக்கிக்கிட்டு நிக்க யூனியனாலயும் முடியல.

பசங்க மார்க்க வெச்சு டீச்சருக்கு மார்க், இது எப்படி வேலை செஞ்சுது?

கருத்து என்னன்னா, ஒரு பையன் போன வருஷங்கள்ல வாங்கின மார்க்க வெச்சு இந்த வருஷம் எவ்ளோ வாங்கணும்னு கம்ப்யூட்டர் ஒரு கணக்கு போடும், அத விட கூட வாங்கினா டீச்சருக்கு பிளஸ், கம்மின்னா மைனஸ். கேக்க நியாயமாதான் இருக்கு, ஏழை பசங்க கிளாஸ் எடுக்கறவங்களுக்கு அநியாயம் வராதுன்னு நெனப்போம். ஆனா ஒரு கிளாஸ்ல இருக்கறதே இருபத்தஞ்சு பசங்க, நாலு பேருக்கு பரீட்சை அன்னிக்கு காய்ச்சல்னாலே நம்பர் ஆடிடும். இந்த வருஷம் டாப்ல வந்த டீச்சர் அடுத்த வருஷம் நடுவுல கிடப்பார்.

அத விட கொடுமை, ஸ்டேட் பரீட்சை இருக்கறது முக்கியமா கணக்கு, இங்கிலீஷ் மாதிரி பாடத்துக்கு, அதுவும் குறிப்பிட்ட வகுப்புக்கு. அப்ப ட்ராயிங் டீச்சர், பாட்டு டீச்சர், பி.டி. வாத்தியார், ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் எல்லாம்? டென்னசில 2011ல புது மதிப்பீடு வந்தப்ப, மொத்தத்துல 35 சதவீதம் பசங்க வளர்ச்சிக்குன்னு சட்டம். பரீட்சை இல்லாத பாட டீச்சர்களுக்கு ஸ்கூலோட மொத்த ஸ்கோர எடுத்து ஒட்டிட்டாங்க. அதாவது ட்ராயிங் டீச்சரோட வேலைத் தரத்த, அவங்க கிளாஸ்லயே உக்காராத பசங்க கணக்குல எவ்ளோ வாங்கினாங்கங்கறது முடிவு பண்ணுது. டீச்சருங்க கோபப்பட்டதுல தப்பே சொல்ல முடியாது, எனக்கு தெரிஞ்சு சீர்திருத்தம் வேணும்னு பேசினவங்களையே எதிர்ப்பக்கம் தள்ளினது இந்த மாதிரி அவசர வேலைங்கதான்.

காமன் கோர் இதோட சேர்ந்ததா?

காமன் கோர்ங்கறது எந்த கிளாஸ்ல என்ன தெரிஞ்சிருக்கணும்னு கவர்னர்கள் சங்கமும் ஸ்டேட் கல்வி அதிகாரிகள் சங்கமும் சேர்ந்து எழுதின பொதுத் தரம். ஒபாமா அரசு எழுதினது இல்ல. ஆனா இந்த மாதிரி பொதுத் தரத்த ஏத்துக்கிட்டா மார்க்னு போட்டுட்டாங்க. இறுதி வடிவம் வெளிய வந்தது 2010 ஜூன் 2, ஏத்துக்க கடைசி தேதி ஆகஸ்ட் 2. ரெண்டே மாசம், நடுவுல கோடை லீவு. பெத்தவங்களுக்கு தெரியறதுக்குள்ள பாதி நாடு கையெழுத்து போட்டாச்சு. பின்னாடி இது ஒபாமா திணிப்புன்னு கிளம்பினப்ப பதில் சொல்ல யாரும் தயாரா இல்ல. 2014ல இண்டியானாவும் ஓக்லஹோமாவும் வெளிய போச்சு. நியூயார்க்ல 2015ல அஞ்சுல ஒரு பையன் ஸ்டேட் பரீட்சை எழுதவே இல்ல, பெத்தவங்களே வேணாம்னுட்டாங்க. தரம் நல்லதா கெட்டதாங்கற பேச்சே அதுக்கப்புறம் எடுபடல.

வாக்கு கொடுத்துட்டு செய்யலன்னா பணத்த பிடுங்குவாங்களா?

மிரட்டினாங்க, கொஞ்சம் பிடிச்சும் வெச்சாங்க. ஹவாய் யூனியனோட ஒப்பந்தம் முடிக்க முடியாம இழுத்ததால 2011 டிசம்பர்ல அபாயப் பட்டியல்ல போட்டாங்க, 2013ல ஒப்பந்தம் முடிஞ்சப்புறம்தான் வெளிய வந்துச்சு. ஜார்ஜியாவுக்கு 40 கோடில 99 லட்சம் டாலர நிறுத்தினாங்க, திறமைக்கு ஏத்த சம்பளம்னு சொன்னத செய்யலன்னு. முழுசா யார்கிட்டயும் பிடுங்கல.

கடைசில பசங்க படிப்பு முன்னேறுச்சா?

நேர்மையான பதில்: சொல்ல முடியல. டென்னசியும் டிசியும் 2013 தேசிய மாணவர் மதிப்பீட்டுப் பரீட்சைல நல்லா ஏறிச்சு, ஆதரவாளருங்க அதத்தான் காட்டுவாங்க. ஆனா டிசில மாற்றம் அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு, வேற ஜெயிச்ச ஸ்டேட்கள் பல அப்படியே நின்னுச்சு. கல்வித்துறையோட ஆய்வுப் பிரிவே 2016ல அறிக்கை விட்டுச்சு, பசங்க மார்க்குக்கும் இந்த பணத்துக்கும் தெளிவான தொடர்பு தெரியலன்னு. டென்னசில கடைசி அஞ்சு சதவீத ஸ்கூல்கள ஸ்டேட்டே எடுத்து, பெரும்பாலும் மெம்ஃபிஸ்ல, சார்ட்டர் நிர்வாகங்க கைல கொடுத்து பெருசா எழுப்பிக் காட்டறேன்னாங்க. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வுப்படி சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் நடக்கல.

நம்ம பி.எம். ஸ்ரீ பிரச்சனையும் இதே மாதிரியா?

ஜாடை இருக்கு. பி.எம். ஸ்ரீலயும் 2022ல இருந்து ஸ்கூல் தேர்வு சேலஞ்ச் முறைதான், 14,500 ஸ்கூல் இலக்கு, ஆனா மாநில அரசு முதல்ல தேசிய கல்விக் கொள்கைய நிறைவேத்தறோம்னு ஒப்பந்தம் போடணும். தமிழ்நாடு போடல. வித்தியாசம் அதுக்கப்புறம்தான்: டெக்சாஸ் போட்டிக்கு வரலன்னு சொன்னப்ப அதோட வழக்கமான டைட்டில் ஒன் பணத்த யாரும் தொடல. இங்க சமக்ர சிக்ஷால வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்னு போச்சுன்னு மாநிலம் 2025ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. போட்டில பரிசு இல்லங்கறது வேற, ஏற்கனவே வர்ற சம்பளத்துல கை வைக்கறது வேற.

அமெரிக்காக்காரங்க ரொம்ப யோக்கியம்னும் சொல்லிட முடியாது. 2011க்கு அப்புறம் பழைய நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட் கல்விச் சட்டத்துல இருந்து விலக்கு வேணும்னா டீச்சர் மதிப்பீட்ட மாத்துன்னு அதே நிபந்தனைய வேற வழில கொண்டு வந்தாங்க. வாஷிங்டன் ஸ்டேட் (தலைநகர் இல்ல, அதே பேர்ல இருக்கற ஸ்டேட்) மறுத்ததால 2014 ஏப்ரல்ல விலக்கு ரத்து, சுமார் 4 கோடி டாலர் டைட்டில் ஒன் பணத்த எதுக்கு செலவு பண்றதுங்கற உரிமைல கை வெச்சாங்க.

இப்ப அந்த திட்டம் இருக்கா?

இல்ல. நடுவுல 2011ல சின்னக் குழந்தைங்க கல்விக்கு ஒரு போட்டி, 2012ல ஸ்டேட்ட விட்டுட்டு நேரா மாவட்டங்களுக்கு ஒரு போட்டின்னு ரெண்டு கிளை விட்டுச்சு, அவ்ளோதான். 2015 டிசம்பர் 10ல ஒபாமாவே கையெழுத்து போட்ட புது கல்விச் சட்டத்துல, எந்த ஸ்டேட்டையும் காமன் கோர் மாதிரி தரத்துக்கு பணம் காட்டி இழுக்கக் கூடாதுன்னு கல்வி செயலாளருக்கே கடிவாளம் போட்டுட்டாங்க, டீச்சர் மதிப்பீட்டுல மூக்க நுழைக்கவும் தடை. அதுக்கப்புறம் நிறைய ஸ்டேட் மதிப்பீட்டுல பசங்க மார்க்கோட பங்க குறைச்சுது, சிலது எடுத்தே போட்டுச்சு. அந்த 35 கோடில பொறந்த ரெண்டு பரீட்சைல ஸ்மார்ட்டர் பேலன்ஸ்ட் கலிஃபோர்னியா மாதிரி சில ஸ்டேட்ல இன்னும் ஓடுது, இன்னொன்னான பார்க்ங்கற (PARCC) பரீட்சைல இருந்து ஸ்டேட் ஒவ்வொண்ணா கழண்டுக்கிச்சு. சார்ட்டர் ஸ்கூலுக்கு தொறந்து விட்ட கதவ மட்டும் பெரும்பாலான எடத்துல யாரும் மூடல.